காலக்கெடு நாளின் தழுவல்

ஜூலை முப்பத்தொன்று, வியாழக்கிழமை. முந்தைய நாள் மழை ஓய்ந்து புழுக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. நிழலிலேயே தொண்ணூற்று மூன்று டிகிரி.

பேஸ்பால் ஆட்டத்தின் நான்காம் இன்னிங்ஸ் நடுவில் மேனேஜர் ஹூப்பர் மைதானத்துக்குள் நடந்து வருவதைக் கண்டதும், எறிமேட்டில் நின்ற டோபி ரென்ஃப்ரோ பந்தைக் கையுறைக்குள் அழுத்திக்கொண்டான்.

அதுவரை அவன் நாற்பத்தெட்டுப் பந்துகள் எறிந்திருந்தான். எதிரணியில் ஒருவனும் ஒன்றைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை.

அவனை மேட்டிலிருந்து இறக்குவதற்கு ஆட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. காரணம் ஆட்டத்துக்கு வெளியே இருந்தது.

அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது.

ஹாலோவே நகரத்து அணி, பெரிய அணி ஒன்றுக்குச் சொந்தமான, அதற்கு இரண்டு படி கீழே ஆடும் அணி. அந்த ஆண்டு அதன் செல்வமெல்லாம் பந்தெறிபவர்கள்தாம். இருபத்துமூன்று வயதைத் தாண்டாத அந்த ஐவரை உள்ளூர்ப் பத்திரிகை 'ஐந்து பீரங்கிகள்' என்றே எழுதி வந்தது. அவர்களில் ஒருவன் மே மாதமே மேலே, பெரிய அணிக்குப் போய்விட்டான்.

பெரிய அணிக்குப் பந்தெறிய ஆளுக்குப் பஞ்சமில்லை. அடிக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே மீதமுள்ள நால்வரில் ஒருவனைக் கொடுத்து அடிப்பவன் ஒருவனை வாங்குவார்கள் என்பது ஊரறிந்த சேதியாக இருந்தது.

ஊர் அறியாத சேதி ஒன்று டோபியின் வலது முழங்கைக்குள் இருந்தது.

மூன்று வாரங்களாகக் காலையில் எழும்போது சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மரத்துக் கிடந்தன. அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வேறு அணிக்குக் கொடுத்துவிட்டால், அங்குள்ள மருத்துவர் மறுநாளே முழங்கையைப் படம் எடுத்துவிடுவார். சொந்த அணியே மேலே அழைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். பெரிய மைதானத்தில் ஒரே ஒரு நாளாவது எறிந்துவிடலாம்.

அந்த ஒரு நாளுக்காகவே அவன் வாயைத் திறக்காமல் இருந்தான்.

அறுவை சிகிச்சை என்றால் பதினான்கு மாதங்கள். ஆள் இல்லாத அணி ஒருவேளை காத்திருக்கும். கையை ஓங்கியபடி வரிசையில் நிற்பவர்களை வைத்திருக்கும் அணி எதற்காகக் காத்திருக்கவேண்டும்? ஹாலோவேக்கும் ஒரு படி கீழே உள்ள அணியில், பத்தொன்பது வயது நிரம்பாத ஒருவன் தொண்ணூற்றொன்பது மைல் வேகத்தில் எறிந்துகொண்டிருந்தான். டோபியின் இடத்துக்கு அவனைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவர அரை நாள் போதும்.

ஹூப்பர் எறிமேட்டில் ஏறிக் கையை நீட்டினார்.

"போதும்பா. பந்தைக் குடு."

அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பந்து பிடிக்கும் எலியெசர், முகமூடியைக் கழற்றாமல், தன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு அருகில் நின்றான்.

டோபி ஆட்டக்காரர்கள் அமரும் கொட்டகையை நோக்கி நடந்தான். அங்கே எல்லாரும் எழுந்து நின்றிருந்தனர்.

கெடு நாளன்று, நன்றாக எறிந்துகொண்டிருப்பவனை நடு ஆட்டத்தில் இறக்கினால் அதற்கு ஒரே பொருள்தான்: அவன் இனி இந்த அணியில் இல்லை. யாரும் அதை அறிவிப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. தழுவத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் வந்தவன் குவின்சி. முந்தைய இன்னிங்ஸில் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தவன், நொண்டிக்கொண்டே வந்து டோபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"டேய் கஞ்சப் பயலே, அங்க போயாவது எங்களுக்கு ஒரு விருந்து வைடா."

சிரிப்பு எழுந்தது. டோபியும் சிரித்தான். ஒவ்வொருவனும் இறுக்கும்போது வலக்கை நசுங்கிவிடாதபடி தோளைச் சற்றே திருப்பிக்கொண்டான்.

மேற்குக் கடற்கரை அணிக்குத்தான் என்றான் ஒருவன். இல்லையில்லை, மேலேயேதான், கோட்டு சூட்டு இருக்கிறதா என்று கேட்டான் இன்னொருவன். வேலிக்கு அப்பாலிருந்த ரசிகர்கள் கைப்பேசிகளை உயர்த்திப் படம் பிடித்தனர். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கைதட்ட, தட்டல் வரிசை வரிசையாகப் பரவியது.

மேலேயா, வெளியேயா?

கொட்டகையின் கோடியில் ஹூப்பர் சுவரைப் பார்த்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் இங்கே கேட்கவில்லை. இருமுறை தலையாட்டினார். ஒருமுறை திரும்பி டோபியின் பக்கம் பார்த்து, உடனே மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விற்பதாக இருந்தால் இவ்வளவு நேரம் பேசுவார்களா? மேலே அழைப்பதாக இருந்தால் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்காதா? டோபி ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தான்.

களத்தில் எதிரணியின் மூன்றாமவனும் ஆட்டமிழந்தான், மூவரோடு இன்னிங்ஸ் முடிந்தது.

ஆட்டக்காரர்கள் ஓடி வந்தனர். கடைசியாக வந்த எலியெசர் முகமூடியைக் கழற்றிக் கீழே போட்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன. பிரிவின் அழுகை என்று எண்ணி மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

மற்றவர்களைப் போல அவன் இறுக்கவில்லை. டோபியின் இடப்பக்கமாக வந்து, வலக்கையைத் தொடாமல், உடைந்துவிடும் பொருளைப் பிடிப்பதுபோல் அணைத்தான். வாயைக் காதருகே வைத்தான்.

"மேலயும் இல்ல, வெளியவும் இல்லடா. நான்தான் ஹூப்பர்கிட்ட சொன்னேன், உன் கை போச்சுன்னு. மூணு வாரமா உன் பந்தைப் பிடிக்கிறவன்டா நான். எனக்குத் தெரியாதா?"

கொட்டகையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

டோபி அவனைத் தள்ளவில்லை, திட்டவில்லை. விட்டுவிட்டால் மற்றவர்கள் தன் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்பதால் அவன் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அப்போது மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.