உருட்டி விடு

“பக்கத்துலயே ஆளு நிக்கிறப்ப ஏன் மாமா அவ்ளோ தூரத்துக்கு ஒதைக்கிறீங்க?”

அறுவடைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று எப்போதோ கேட்ட கேள்வி. கோல் காக்கும் ‘கோலி’ மருதையன் அன்று சிரித்துவிட்டான். இன்று, பொங்கல் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், துண்டில் சுற்றிய எதையோ பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான்.

வைரக்கண்ணு. பண்ணையார் வெளியூரிலிருந்து இறக்கிய அடியாள். இடது காலைச் சற்றே சாய்த்து வைத்து நின்றான்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யப் புதுச் சட்டம் வந்திருந்தது. திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. யார் எந்த நிலத்தை உழுதார்கள் என்று சொல்ல, தெருவில் துணிந்த ஒரே சாட்சி மருதையன். அவன் திங்கட்கிழமையைப் பார்க்க மாட்டான் என்று திருப்பனந்தாள் கடைத்தெருவில் பேச்சு.

ஆட்டம் தொடங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏய் கோலி. திரும்பாத. இன்னைக்குப் பந்த உருட்டித்தான் விடணும். தூக்கி ஒதைச்சே, உசுரோட வீடு போய்ச் சேர மாட்டே.”

மருதையன் உதைத்தால் பந்து காற்றில் ஏறிப் பாதித் திடலைத் தாண்டும்; சில நேரம் திடலையே தாண்டிவிடும். அந்த உதைதான் அணியின் பலம். அதைக் கட்டிப்போட்டுத் தோற்கடித்து, ஊர் முன்னால் தலைகுனிய வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். ‘மாரியம்மா’ என்று முணுமுணுத்தபடி பந்தை அப்துல் ஜலீலிடம் உருட்டிவிட்டான்.

கோலுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக, பேக் ஆடும் ஜலீல் இதை எதிர்பார்க்கவில்லை. தடுமாறினான். பண்ணை அணிக்காரன் பந்தைப் பறித்து கோல் போட்டான்.

“என்னண்ணே, காலுல சுளுக்கா?”

“நீ கிட்டக்க நில்லுடா. உருட்டித்தான் விடுவேன்.”

எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பண்ணைக் காரியஸ்தர் எழுந்தே நின்றுவிட்டார். “ஏன்டா மருதையா, கஞ்சி குடிக்கலியா? தூக்கி ஒதைடா!” கூட்டம் சிரித்தது.

அடுத்த முறை ஜலீல் பதற்றத்தில் உதைத்த பந்து, திடலை ஒட்டிய கரும்புக் கொல்லைக்குள் போய் விழுந்தது. ஆட்டம் நின்றது. அடித்தவன்தான் போய் எடுக்க வேண்டும் என்பது அந்தத் திடலின் வழக்கம். முன்பு சிறுபிள்ளைகளை ஏவுவார்கள். ஒரு பிள்ளையின் பாதத்தில் கரும்புக் கட்டை ஏறிய நாளில், வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மருதையன். திரும்பி வந்து இந்த வழக்கத்தை வைத்தவனும் அவனே.

பந்தோடு வந்த ஜலீல் மூக்கைச் சுளித்தான். “உள்ள பீடி நாத்தமா அடிக்குதுண்ணே.”

“கொல்லைக் காவக்காரனா இருக்கும். ஆட்டத்தப் பாரு.”

மருதையன் உருட்டிக்கொண்டே இருந்தான். மெல்ல மெல்ல ஜலீலுக்குப் பிடிபட்டது. வாங்கினான், பக்கத்தில் கொடுத்தான், திரும்ப வாங்கினான். பந்து தரையை விட்டு எழாமல், வரப்போரம் தண்ணீர் பாய்வதுபோல் முன்னே போயிற்று. யாரும் எதிர்பாராமல் ஒரு கோல் விழுந்தது. சமம்.

பொழுது சாய்ந்தது. கரும்புத் தோகைகள் கறுத்துக்கொண்டு வந்தன. கடைசி நிமிடம். பந்து மருதையன் கையில். காற்று அவன் பக்கம். தூரத்தில் முன்வரிசை ஆட்டக்காரன் செல்லதுரை தனியே நின்று கையை ஆட்டினான்.

“தூக்கி அடிண்ணே!”

“ஒதைடா!” என்று காரியஸ்தரும் கத்தினார்.

மருதையன் காலை ஓங்கினான். பின்னால் துண்டு சரசரத்தது.

“வேணாம்,” என்றது குரல், மிகத் தாழ்ந்து.

ஓங்கிய கால் இறங்கியது. பந்து ஜலீலிடம் உருண்டது. ஜலீலிடமிருந்து நடுவே, நடுவிலிருந்து செல்லதுரையிடம். கோல்!

ஊரே கோப்பையோடு தெருவை நோக்கி ஓடியது. காரியஸ்தர் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார். கம்பத்தில் மாட்டிய சட்டையை எடுக்கத் திரும்பிய மருதையன் அப்படியே நின்றான். திடலில் வைரக்கண்ணு மட்டும் இருந்தான்.

“நீ சொன்னபடி உருட்டித்தான் விட்டேன்.” மருதையன் ஓரடி பின்வாங்கினான். “ஜெயிச்சது என் தப்பில்ல.”

வைரக்கண்ணு துண்டை உதறினான். அரிவாள் தரையில் விழுந்தது. அதைத் தொடாமல் செருப்பைக் கழற்றி, இடது பாதத்தைத் திருப்பிக் காட்டினான். நடுப்பாதத்தில் பழைய தழும்பு.

“அறுப்புக்கு வந்த காத்தாயி மவன் மாமா. வேட்டியக் கிழிச்சுக் கட்டுப்போட்டீங்களே.”

மருதையன் தழும்பையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்புறம் ஏண்டா என்னைய அப்படி மெரட்டுன?”

“உள்ளதச் சொல்லியிருந்தா உங்க தெரு சனம் சும்மா இருக்குமா? ரெண்டு பக்கமும் தலை உருண்டிருக்கும். திங்கக்கிழமை வரைக்கும் தனியா எங்கயும் போவாதீங்க.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து பஸ் ரோட்டை நோக்கி நடந்தான். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

“பந்தெடுக்க நீங்க வருவீங்கன்னு, கரும்புக்குள்ள நாலு பேரு மாமா.”