இழவு வீட்டு கேபிள்

"என் வீட்டுக்காரர் போயிட்டாரு தம்பி... இனிமே எனக்கு எதுக்கு கேபிள்?" லொரெட்டா போனில் விம்மினாள்.

மறுமுனையில் கேபிள் கம்பெனி கைல் ஒரு கணம் மௌனமாக இருந்தான். கேபிள் வேண்டாம் என்பவர்களின் மனதை மாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அந்த மௌனத்தையும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். துக்கத்துல இருக்கறவங்களுக்குன்னே ஒரு சலுகை வெச்சிருக்கோம். மூணு மாசத்துக்கு சினிமா சேனல் எல்லாம் ஃப்ரீ."

"அவரே இல்லையாம், சினிமா ஒரு கேடா?"

"அவர் ஞாபகமா ஃபுட்பால் சேனலை மட்டுமாவது வெச்சுக்கலாமே?"

எதிர் சோபாவில் சாய்ந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் மென்றுகொண்டிருந்த வெண்டெல், ஃபுட்பால் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். போய்ச்சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட வீட்டுக்காரர் அவர்தான். லொரெட்டா முறைத்ததும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

வேறு வழியில்லை. நெட்டில் படம் பார்க்க மகள் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி அனுப்பியிருந்தாள். வீட்டு டிவியோ அரதப்பழசு. ஸ்டிக்கைச் சொருக இருந்த ஒரே துளையில் கேபிள் பெட்டி குடியிருந்தது. பெட்டியைப் பிடுங்குவது சுலபம். மாதா மாதம் ஏறும் பில்லைப் பிடுங்குவதுதான் ஓஹையோ மாநிலத்தில் யாராலும் ஆகாத காரியம். வீடு மாறுகிறோம் என்றால், புது வீட்டு வாசலில் கேபிளோடு வந்து நிற்பார்கள்.

காலையில் வெண்டெல்தான், "நான் பேசி முடிக்கறேன் பாரு" என்று வீறாப்பாக போனோடு கார் ஷெட்டுக்குள் போனார். வெகுநேரம் கழித்துக் கண் சிவக்க வந்து, "தூசி" என்றார். "விடமாட்டேங்கறான் லொரெட்டா."

ஆண்பிள்ளை சாமர்த்தியம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிய லொரெட்டா, புருஷனைச் சாகடிக்கும் திட்டத்தைத் தானே போட்டாள். "அதெல்லாம் வேண்டாமே" என்று அவர் கெஞ்சியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன மேடம், கரக் முரக்னு சத்தம்?"

"நாய் பிஸ்கட் திங்குது தம்பி."

வெண்டெல் சிப்ஸ் பையைக் கீழே வைத்தார்.

"டிவியைப் போட்டாலே அவரு குறட்டைதான் ஞாபகத்துக்கு வருது..." லொரெட்டா பெருங்குரலெடுத்து அழுதாள்.

கைல் இளகிவிட்டான். "போதும் மேடம், எனக்கே மனசு கேக்கல. இப்பவே கட் பண்ணிடறேன். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

லொரெட்டா புருஷனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவரோ, போனை வை, போனை வை என்று பதறிப்போய் ஜாடை காட்டினார்.

"வெண்டெல் ப்ரூபேக்கர். ஊரு டேட்டன்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்போ காலைல 'என் பொண்டாட்டி போயிட்டா'ன்னு மூக்கைச் சிந்திச் சிந்தி என்கிட்ட அழுதாரே... அது யாரு மேடம்?"