தப்பான விடை

"உங்க பொண்ணு என் மானத்த வாங்கிட்டா!"

கணக்கு டீச்சர் வகுப்பு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, தையல் ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்திருந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன டீச்சர் பண்ணா?"

"கணக்குப்புலினு பேரு. 'இந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்கு டேப்லெட்?'னு இழுத்தடிச்ச அதிகாரிங்ககிட்ட, இவளக் காட்டித்தான் சண்டை போட்டு வாங்கினேன். இப்ப பாருங்க!"

டீச்சரின் டேப்லெட் திரையில் மகளுக்கு நேரே சிவப்பு சிவப்பாகத் தவறுகள்.

"கணக்குப் பயிற்சி முகாமுக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு இடம். இன்னைக்குப் போடற கணக்க வச்சுத்தான் ஆளத் தேர்ந்தெடுக்கணும். இப்படியே போட்டா அவ்ளோதான்."

"துணி அளவெல்லாம் வாயாலயே கணக்குப் பண்ணிச் சொல்லுவாளே டீச்சர்..."

"தெரியாம தப்பு பண்ணா நான் ஏன் உங்களக் கூப்பிடறேன்? திமிரு! பக்கத்துல இருக்காளே புதுசு, அவளப் பாருங்க. கட்டட வேலைக்காக ஊர் ஊராப் போற குடும்பம். வகுத்தல்கூடத் தெரியாம வந்தா. இப்ப எல்லாம் பச்சை!" டீச்சர் குரலில் பெருமை வழிந்தது.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். விடை சரியென்றால் டேப்லெட் வாயைத் திறப்பதில்லை. தப்பென்றால் மட்டும், "தவறு! வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கத்திவிட்டு, கணக்கைப் படிப்படியாக விளக்கியது. காதில் மாட்டும் ஹெட்போனுக்கெல்லாம் இங்கே எங்கே போவது?

கடைசி பெஞ்சில் மகள் யோசிக்கக்கூட இல்லை. சட்டென்று தட்டினாள்.

"தவறு!"

வகுப்பே சிரித்தது. "யாருடா அது?"

"நான்தான்! நான்தான்!" மகள் கையைத் தூக்கினாள்.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று போய் மகளின் காதைப் பிடித்தாள்.

"உனக்கு விளையாட்டாப் போச்சா?"

"ஐயோ, விடும்மா!" மகள் கிசுகிசுத்தாள். "தப்பாப் போட்டா எல்லாரும் சிரிப்பாங்கனு வழி தெரியாத கணக்குன்னா இவ டேப்லெட்டத் தொடவே மாட்டா. நான் சொல்லிக் குடுக்கலாம்னா, வகுப்புல பேசக் கூடாதுனு டீச்சர் திட்டுவாங்க. தப்பாப் போட்டாதான் இந்த மிஷின் சொல்லித் தரும். அதான் நான் தப்பாப் போடறேன். இவ கேட்டுக்குவா."

"அப்ப விடையக் காப்பியடிக்கிறாளா?"

"எப்படிம்மா? ஆளுக்கு ஆள் எண்ணு மாறும். வழிதான் ஒண்ணு. அவளேதான் போடறா!"

புதுசு தலை குனிந்திருந்தாள். அவள் விரல் மட்டும் பெஞ்சின் மேல் ஏதோ வகுத்துக்கொண்டிருந்தது.

அம்மாவின் கை காதிலிருந்து நழுவி, மகளின் தலையில் வந்து நின்றது. நெஞ்சு பெருமையில் விம்மியது.

பின்னால் வந்து நின்ற டீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சிவப்பு வரிசையையும் பச்சை வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏய் கணக்குப்புலி, இனிமே உன் கணக்க ஒழுங்காப் போடு."

"அப்ப இவளுக்கு டீச்சர்?"

டீச்சர் தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் புதுசுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். அடுத்த கணக்கு வந்தது.

"தவறு! வா, சேர்ந்து பார்ப்போம்."

"யாருடா அது?" வகுப்பு சிரித்தது.

டீச்சர் கையைத் தூக்கினார்.

"நான்தான்!"