பத்தாவது சிப்பாய்

ஒன்பது பேருக்குப் பூசியாகிவிட்டது. பத்தாவது ஆள்தான் பாக்கி.

எல்லாரும் கட்டைவிரல் நீளப் பொம்மைச் சிப்பாய்கள். துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருக்கிறார்கள். சீருடைக்கு முதலில் காக்கி. அதன்மேல் திட்டுத்திட்டாகக் கரும்பச்சை, பழுப்பு. உள்ளது உள்ளபடி பூசினால் இந்த அளவில் ஒன்றும் தெரியாது. திட்டுகளைப் பெரிதாக்க வேண்டும். கொஞ்சம் பொய் கலந்தால்தான் நிஜம் மாதிரி இருக்கும்.

அது அந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரருக்குக் கைவந்த கலை.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவும் அவள் நண்பர்களும் பெங்களூரில் இவர்களை மேசைமேல் பரப்பி, அந்தச் சண்டையை விளையாடப் போகிறார்கள். அவள் அப்பா தேவசகாயம் செத்த சண்டை. அந்தப் பத்துப் பேரையும் நடத்திய நாயக், இப்போது பூசிக்கொண்டிருக்கும் இவர்தான்.

“அப்பாவ மட்டும் தலை தூக்கின மாதிரி வைங்க, பெரியப்பா. அவசரக்குடுக்கைன்னு அம்மா இன்னமும் திட்டுறாங்க.”

போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தேவசகாயம் தலையைத் தூக்கவே இல்லை.

விடிகாலையில் இரும்புத் தொப்பியில் செருகிய தழை உச்சிவெயிலில் வாடிவிடும். பச்சைச் சோளக்காட்டுக்குள் பழுப்பாய் நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். நேரம் பார்த்து மாற்றச் சொல்வது நாயக்கின் வேலை. சொல்லாமல் யாரும் அசையக்கூடாது.

அன்றைக்கு அவர் கண்ணயர்ந்துவிட்டார். தேவசகாயத்தின் தழை வாடி அவனைக் காட்டிக்கொடுத்தது.

ஊருக்கு வந்து தேவசகாயம் வீட்டில் சொன்னது வேறு. தலையைத் தூக்கிட்டாம்மா என்றார். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? அப்போது கைக்குழந்தை ஜெசிந்தா அவர் மடியில் இருந்தாள்.

நாற்பது வருஷம். ஒரு நல்ல சிப்பாயை அவன் பெண்டாட்டியே திட்டும்படி செய்துவிட்டார்.

தூரிகையைக் கழுவினார். பத்தாவது ஆளான தேவசகாயத்தின் தலையை அப்படியே மண்ணோடு விட்டார். தொப்பித் தழைக்குப் பழுப்பைத் தொட்டார்.

சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தலை தூக்கலியே, பெரியப்பா? தழை வேற காஞ்சு கெடக்கு.”

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உக்காரும்மா. அம்மாவுக்குப் போன் போடு. ரெண்டு பேரும் கேக்கணும்.”