யானையின் வயிற்றில்

"ஊசியைக் காணோம்."

"தையல்காரி வீட்டுல ஊசிக்குப் பஞ்சமா? வேற எடுத்துக்கோ" என்றான் கணவன், டீயை ஆற்றிக்கொண்டே.

"அது இல்லைங்க. நேத்து காலையில யானை தைக்கும்போது பால் பொங்கிடுச்சு. ஊசியை அதோட வயித்துப் பஞ்சுலயே குத்தி வச்சுட்டு ஓடினேன். திரும்பி வந்து..."

"வந்து?"

"மிஷின்ல ஒரே ஓட்டா ஓட்டி வயித்தை மூடிட்டேன்."



நேற்று அவன் தங்கை குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கடைப் பொம்மைகளின் விலை கையைக் கடித்ததால், கணவனின் நீலச் சட்டை ஒன்றை வெட்டி இவளே யானை செய்தாள். பொத்தான் வைத்தால் குழந்தை விழுங்கிவிடும் என்று கண்ணைக்கூட நூலால்தான் தைத்தாள். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி!

நாத்தனார் அதை ஒற்றைக் கையால் வாங்கினாள். "வீட்டுல செஞ்சதா அண்ணி?" என்றதோடு சரி. வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டதிலிருந்து அவளுக்குத் தலைக்கனம் என்பது இவளுடைய கணிப்பு.

குழந்தைதான் யானையை விடவில்லை. கட்டிப்பிடித்து, தும்பிக்கையைச் சப்பியபடியே தூங்கிப்போனது.

இப்போதும் அதைச் சப்பிக்கொண்டிருக்குமோ?

"உடனே போன் பண்ணு" என்றான் கணவன். டீ அப்படியே இருந்தது.

மணி அடித்தது. கட் ஆனது. மறுபடி அடித்தாள். மறுபடியும் கட்.

"எடுக்க மாட்டேங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"ஒருவேளை ஆஸ்பத்திரிக்கு..."

"ஐயோ, வாயை மூடுங்க!"

வண்டியில் போகும்போது வழியெல்லாம் அவள் புலம்பினாள். "குழந்தைக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சியோட உயிரோட இருப்பேன்?"

நாத்தனார் வீட்டு கேட்டைத் திறக்கும்போதே உள்ளே குழந்தை வீறிட்டுக் கத்துவது கேட்டது.

ஹாலில் நாத்தனாரின் மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். அவள் விரலில் பிளாஸ்திரி.

இவள் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கி வாய், கன்னம், உள்ளங்கை என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஊசி?

"என்னம்மா, நேத்துதானே வந்துட்டுப் போனீங்க?" என்றார் மாமியார். "பேத்தி வேற காலையிலேர்ந்து கத்தறா. எதுக்குன்னே புரியல."

மானம் போனால் போகட்டும், குழந்தை பெரிது.

"அந்த யானைப் பொம்மை எங்கேம்மா? நான் அதுல ஒரு..."

"அதைத் தூக்கிப் போட்டாச்சு அண்ணி!" நாத்தனார் வெடுக்கென்று குறுக்கே பாய்ந்தாள். "பழைய சட்டையில தச்சதெல்லாம் குழந்தைக்கு எதுக்கு? அதைப் பிடுங்கினதுக்குத்தான் அத்தை இந்த அழுகை."

"அதானே" என்று மாமியார் திருப்தியாகத் தலையாட்டினார். "கடையில கிடைக்காத பொம்மையா?"

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வெளியே நடந்தாள்.

வழியனுப்ப கேட் வரை வந்த தங்கையை அண்ணன் பிடித்துக்கொண்டான். "பணம் வந்தா இவ்வளவு திமிரா உனக்கு?"

"மெதுவாப் பேசுண்ணா, அத்தை காதுல விழும்." நாத்தனார் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "காலையில அந்த யானையைத் தூக்கும்போது என் விரல்ல ஏறிடுச்சு. அத்தைக்குத் தெரிஞ்சா, குழந்தைக்கு ஊசி வச்சுக் கொடுத்தாங்கன்னு ஊரையே கூட்டிடுவாங்க. அண்ணி இந்த வாசல்படி மிதிக்க முடியுமா? போன்ல பேசினாலும் ஸ்பீக்கர்ல போடுன்னு நிப்பாங்க. அதான் கட் பண்ணினேன்."

இவள் பிளாஸ்திரி போட்ட அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் காகிதத்தில் மடித்த ஒன்றை அவள் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"யானை பீரோவுல பத்திரமா இருக்கு. குழந்தை அழுகை தாங்காம குப்பையிலேர்ந்து எடுத்துத் துவைச்சேன்னு சொல்லி, சாயங்காலம் அவகிட்டயே குடுத்துடறேன். நீங்க ஊசியை மட்டும் எடுத்துட்டுப் போங்க அண்ணி!"