இடது கால் ஆட்டக்காரன்

“உங்க பையன் ஆட்டத்தை மூணு மேட்ச்ல நேர்லயே பார்த்தேன்மா. அந்த இடது கால் இருக்கே, தங்கம்! வெளிநாட்டுப் பயிற்சிக்கு எடுத்துட்டோம்,” என்று தங்கையிடம் உருகினார் கால்பந்துப் பயிற்சி நிறுவனத்து அதிகாரி.

கூட வந்திருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. போன வாரம் அவள் மகனைப் பற்றியும் அச்சுப் பிசகாமல் இதையேதான் சொன்னார். அதை நம்பிப் பயிற்சிக் கட்டணத்துக்காக வீட்டை விற்கக் கிளம்பியவளைத் தங்கைதான் இன்று இங்கே இழுத்து வந்திருந்தாள்.

“ஓட்டம் எப்படி சார்?” என்றாள் தங்கை.

“புயல்! கூப்பிடுங்க, கை குடுக்கணும்.”

வெளியே நின்ற தங்கையின் கணவன், மகனைத் தூக்கி வந்து மேசைமேல் உட்காரவைத்தான்.

“எட்டு மாசம் சார். பன்னிரண்டு வயசுன்னு விண்ணப்பத்துல நான்தான் புளுகினேன். இன்னும் தவழவே ஆரம்பிக்கலை,” என்றாள் தங்கை.

குழந்தை இடது காலால் அதிகாரியின் பேனாக் குவளையை எட்டி உதைத்தது.

“காலைப் பத்தி மட்டும் நீங்க பொய் சொல்லலை,” என்ற அக்கா, தன் மகனின் விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தாள்.