தாலியில் ஒரு ராஜா

தாலியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை கணேசபாண்டியன், கட்டாமல் அதையே உற்றுப் பார்த்தான்.

தாலியிலிருந்து ஒரு குண்டு ராஜா அவனைப் பார்த்தார். மீசை வேறு.

"யாரு மாமா இது?"

பெண்ணின் அப்பா பூலோகம் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம். தாராவி முழுக்கப் பத்திரிகை வைத்தாயிற்று. பக்கத்துச் சுனாபட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் லாரியில் வந்து இறங்கியாயிற்று.

"ராஜா, மாப்ளே. தங்கமான மனுசன். நம்ம கப்பலுக்கு வந்தப்ப என் சொதிய மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு."

பொய்யில்லை. பூலோகம் கப்பலில் சமையல்காரர். அந்த ராஜாவின் தீவு, சாப்பிட்டுவிட்டு ஒரு நடை நடந்தால் தீர்ந்துவிடும். ஆனாலும் தங்கக்காசு அடிப்பார்கள். அங்கே அதைக் கொடுத்தால் ஒரு தேங்காய்கூடக் கிடைக்காது. வெளிநாட்டில் காசு சேர்ப்பவர்கள் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே அடித்தது. சொதி இறங்கிய சந்தோஷத்தில் ராஜா ஒன்றை எடுத்து நீட்டிவிட்டார்.

பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாதென்று சர்க்கார் சொன்ன வருடம் அது. அந்தத் தங்கத்தில் தாலி செய்தால் வேர்வைக்குக் கறுத்துவிடும் என்று பூலோகத்துக்குப் பயம். ராஜாவின் காசோ சுத்தத் தங்கம். காசும் வட்டம், பொட்டுத்தாலியும் வட்டம். ஆசாரி மேலே ஒரு வளையம் வைத்துக் கொடுத்துவிட்டார்.

"வேற ஆம்பளய எப்படி மாமா எம் பொண்டாட்டி கழுத்துல கட்டுவேன்?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளையின் அம்மா கழுத்துக் காசுமாலையில் பதினோரு விக்டோரியா மகாராணிகள் தொங்கினார்கள். அதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பொம்பளைகள்.

பூலோகம் காசைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு மீன்.

"பாண்டியன் கொடி, மாப்ளே. உங்க பேருக்குன்னே அடிச்ச மாதிரி இருக்கு."

கணேசபாண்டியனுக்கு முகம் மலர்ந்தது. மீன் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டான். கெட்டிமேளம் முழங்கியது. இரண்டு முடிச்சை அவன் போட, மூன்றாவதை அவன் அக்கா போட்டாள்.

மணப்பெண் செண்பகவல்லி தாலியை எடுத்துப் பத்திரமாகச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. மீன் வெளியே பார்க்கிறதென்றால், ராஜா இனி ஆயுசுக்கும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்?

அவன் வாயைத் திறப்பதைப் பூலோகம் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி," என்றார் தவில்காரரிடம், "நிப்பாட்டிராதீங்க."